ஆறு தட்டு, ஓர் இடைவெளி

ஆகஸ்ட் 4, திங்கள்

புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் பாடமும் எழுதாத பிள்ளைகளை நான் உட்கார விட்டதில்லை. ஆகவே: பெயர், நாச்சிமுத்து. ஊர், தாராபுரம். ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். பாடம், என் மனைவி வசந்தாமணி.

மூளைத்தண்டில் அடைப்பு வந்து மூன்று மாதம் ஆகிறது. மூச்சு விடுகிறாள். விழுங்க முடியாது, பேச முடியாது, இமையைத் தூக்க முடியாது. அசைவது வலது ஆள்காட்டி விரல் மட்டும். அதுவும் தானாகத் துடிப்பதுதான், நினைவு இருப்பதற்கான அறிகுறி இல்லை என்கிறார் கோவை நரம்பியல் டாக்டர்.

சென்னையில் இருக்கும் மகள் சுகந்தி தாம்பரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். 25ஆம் தேதி ஆம்புலன்ஸ் வருகிறது.

"அப்பா, அம்மாவ நான் தூக்கிப் போடல. நாலு நர்ஸ் இருக்கற எடத்துல விடறேன். உங்களுக்கும் எழுவத தாண்டியாச்சு. ஒரு ஆளாவது வெச்சுக்கங்கன்னா அதும் வேண்டாங்கறீங்க" என்றாள் போனில்.

"வெளியாளு தொட்டா உங்கம்மாவுக்குப் புடிக்காது."

"அம்மா சொன்னாங்களா?"

நல்ல கேள்வி. அவளைப் பற்றி எல்லோரும் முடிவு செய்கிறோம், அவளை யாரும் கேட்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரு தடவையாவது கேட்டாக வேண்டும். இருப்பது ஒரு விரல் என்றால் ஒரு விரலில் பதில் வாங்க வழி கண்டுபிடிக்க வேண்டும்.

சுகந்தி விட்டுப்போன பழைய மடிக்கணினி பீரோ மேல் கிடந்தது. தூசி தட்டி எடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எங்கள் பள்ளியில் கணினிப் பிரிவு தொடங்கிய வருடம் ஆள் இல்லாமல் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே கற்ற சி மொழி கையோடு இன்னும் இருக்கிறது, துருவோடு.

சாவிப்பலகையில் ஒரு சாவி அழுத்தப்பட்டிருக்கிறதா என்று நிரல், அதாவது புரோகிராம், தானாகப் பார்க்க முடியாது. இது எனக்குப் புதுச் செய்தி. பரீட்சை அறையில் கூடுதல் தாள் வேண்டும் என்றால் பிள்ளை எழுந்து போய் அலமாரியைத் திறக்க முடியுமா? கை தூக்க வேண்டும், மேற்பார்வையாளர் கொண்டுவந்து தருவார். நிரலும் அப்படியே. கணினியை நடத்தும் இயக்க அமைப்பிடம் கை தூக்கிக் கேட்க வேண்டும். அந்தக் கை தூக்கலுக்குப் பெயர் சிஸ்டம் கால்.

ஒரு நொடிக்கு ஒரு தடவை கை தூக்கி, "இடைவெளிச் சாவி இப்போது கீழே இருக்கிறதா?" என்று கேட்கும் நிரல் எழுதினேன். நான் அழுத்தினால் "ஆம்" என்று வந்தது. திரையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவிக்கு அடியில் இரண்டு உலோகம் தொட்டிருக்கிறது. அதைச் சாவிப்பலகையின் சில்லு கவனித்து, கம்பி வழியே சொல்லி, இயக்க அமைப்பு தன் வேலையை ஒரு கணம் நிறுத்திக் காது கொடுத்திருக்கிறது. இத்தனை வருடம் ஒளியின் வேகத்தைக் கரும்பலகையில் எழுதியவன், என் விரல் நுனியில் நடந்ததைப் பார்த்ததே இல்லை.

வசந்தாவின் விரலைச் சாவி மேல் வைத்தேன். விரல் துடித்தது. திரையில் "இல்லை, இல்லை, இல்லை."

ஆகஸ்ட் 8, வெள்ளி

வசந்தாவின் பழைய மாணவி பத்மாவதி பார்க்க வந்தார். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து இப்போது கண்காணிப்பாளர். வசந்தா பொள்ளாச்சி சாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியபோது லோயர், ஹையர் இரண்டு தேர்வுக்கும் இவளிடம் படித்தவர்.

கட்டிலருகே நின்று வசந்தாவின் விரல்களைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்தார்.

"டீச்சர் எங்க வெரலு மேல ஸ்கேல வெச்சுட்டே நிப்பாங்க சார். கொஞ்சம் அமுக்கிட்டாப் போதும். 'சாவி என்ன மாவா, பெசையறே?'ம்பாங்க."

"என்னையும் கேப்பா, காலிங் பெல் அடிச்சா" என்றேன்.

சாத்துக்குடி கொண்டுவந்திருந்தார். பிழிந்து நானே குடித்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நிரலைச் சுகந்திக்கு அனுப்பியிருந்தேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அம்மா விஷயத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் பிழை என்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

"அப்பா, நீங்க நொடிக்கு ஒருக்கா போய் எட்டிப் பாக்கறீங்க. நடுவுல அம்மா தட்டிட்டு எடுத்துட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நொடிக்கு நூறு தடவ கேக்கட்டா?"

"கேக்கவே வேண்டாம். காத்திருங்க. ரீடுன்னு ஒரு சிஸ்டம் கால் இருக்கு பாருங்க."

பார்த்தேன். தபால் வந்ததா என்று வாசலுக்கு நடந்து நடந்து பார்க்கிறவர் நான். தபால்காரர் வந்த நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தால் போச்சு. அதற்குப் பதில் வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம் அல்லவா? ரீட் என்பது அந்தப் பெட்டிதான். நிரல் ஒரு தடவை கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது. உண்மையான தூக்கம், ஒரு துளி மின்சாரம்கூட அதற்காகச் செலவாவதில்லை. சாவி அசைந்ததும் இயக்க அமைப்பு அதை எழுப்புகிறது. எந்தச் சாவி, கீழே போனதா மேலே வந்ததா, எந்த நொடி, அந்த நொடியின் பத்து லட்சத்தில் எத்தனையாவது பங்கு, எல்லாம் சீட்டில் எழுதிக் கையில் தருகிறது. நிரல் வேறு வேலையில் இருந்தாலும் பெட்டி நிரம்பும் வரை சீட்டுகள் வந்த வரிசையில் காத்திருக்கும்.

யாரும் கேட்காதபோது தட்டியதும் வீணாவதில்லை. இதை எழுதிவைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அவர்களுக்கு என் வணக்கம்.

சுட்டியின், அதாவது மவுஸின், பொத்தானும் இதே வழியில்தான் வருகிறதாம். சாவிப்பலகையைவிட அது விரலுக்கு லேசு. நாளை கடையில் ஒரு சுட்டி வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றுவிட்டு ஒருநாள் வரும் பிசியோதெரபிஸ்ட் ரெஹானாவிடம் ஆலோசனை கேட்டேன்.

"நடுக்கத்தையும் அசைவையும் நீங்க பிரிக்கணும் சார். நடுக்கம்னா வெடுக்கு வெடுக்குன்னு வரும். இவங்கள மாதிரி இருக்கறவங்க வேணும்னு அசைச்சா மெதுவாத்தான் அசைப்பாங்க, அழுத்திட்டுக் கொஞ்சம் நிப்பாங்க."

நியாயமாகப் பட்டது. நிரலில் ஒரு சல்லடை வைத்தேன். பொத்தான் மூன்றில் ஒரு பங்கு நொடியாவது கீழே இருந்தால் கணக்கில் சேரும், மணி அடிக்கும். அதற்குக் குறைந்தது எல்லாம் நடுக்கம், திரைக்கே வராது. முடியாதவளுக்கு நிறைய அவகாசம் கொடுத்திருக்கிறேன் என்று திருப்தியாக இருந்தது.

சுட்டியைத் துண்டில் சுற்றி அவள் கைக்கடியில் வைத்தேன். "வசந்தா, நான் பேசறது கேட்டா ஒருக்கா அழுத்து" என்றேன்.

மணி அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

குளியலறையில் வாளி உருண்டு பெரிய சத்தம். வேறொன்றும் இல்லை. போனில் சுகந்தியிடமும் வாளி என்றே சொன்னேன். சோறு இன்று ஓட்டலில் இருந்து.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு வசந்தாவின் விரல் நீண்ட நேரம் துடித்துக்கொண்டே இருந்தது. குளிராக இருக்கும் என்று கம்பளி போர்த்தினேன். அப்புறமும் துடித்தது.

ஆகஸ்ட் 16, சனி

ரெஹானா: "சார், எடது கைய ஏன் தூக்க மாட்டீங்கறீங்க?"

"சுளுக்கு."

"சட்டையக் கழட்டுங்க, பாக்கறேன்."

"பேஷண்ட் அங்க இருக்கறாங்கம்மா" என்று கட்டிலைக் காட்டினேன்.

வசந்தாவை ஒற்றைக் கையால் பக்கம் மாற்ற ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். போர்வையை நெம்புகோல் மாதிரி பயன்படுத்த வேண்டும். வகுப்பில் நெம்புகோலுக்கு எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன், இது தோன்றியதில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கோவை டாக்டர் வீடியோவில் வந்தார். சுகந்தியும் இணைந்திருந்தாள். நான் கேள்வி கேட்டேன், சுட்டி கைக்கடியில் இருந்தது, நிரல் ஓடிக்கொண்டிருந்தது. "வசந்தா, அழுத்து." விரல் துடித்தது. மணி இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை.

டாக்டர் பொறுமையானவர். "இத மட்டும் வெச்சு நான் முடிவா சொல்ல மாட்டேன் சார். ஆனா புதுசா எதும் தெரியல" என்றார்.

அவர் போன பிறகு சுகந்தி மட்டும் இருந்தாள்.

"அப்பா, அடுத்த திங்கக்கெழம வண்டி வருது. நான் ஞாயித்துக்கெழமையே வந்துடறேன். அம்மாவோட சேலை ரெண்டு எடுத்து வைங்க. மெத்துன்னு இருக்கறதா."

"சரி கண்ணு."

எடுத்து வைத்தேன். ஊதா ஒன்று, இலைப்பச்சை ஒன்று.

ஆகஸ்ட் 20, புதன்

துணி துவைத்தேன். எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று நடந்ததை முறையாக எழுத முயல்கிறேன்.

காலையில் சுட்டியைத் திருப்பித் தரலாம் என்று நினைத்தேன். பொத்தான் பழுதாக இருக்கலாம், கடைக்காரர் கேட்டால் காட்ட வேண்டும். சோதனைக்காகச் சல்லடையை எடுத்துவிட்டேன். பொத்தானில் இருந்து எந்தச் சீட்டு வந்தாலும், எவ்வளவு குறுகியதாக இருந்தாலும், திரையில் ஒரு புள்ளி, பக்கத்தில் நேரம். அவ்வளவுதான் நிரல். நான் அழுத்தினேன், புள்ளி வந்தது. பொத்தான் நன்றாகத்தான் இருக்கிறது. சுட்டியைப் பழைய இடத்தில், அவள் விரலுக்கடியில், பழக்கத்தில் வைத்துவிட்டுப் பால் வைக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது திரை நிறையப் புள்ளிகள்.

பொத்தான் சிக்கிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்கினால் ஒரே ஒரு "கீழே" வந்து நின்றுவிடும். இங்கே கீழே, மேலே, கீழே, மேலே என்று சோடி சோடியாக இருந்தது. விரல் கீழே இருந்த நேரம் ஒவ்வொன்றிலும் நொடியில் இருபதில் ஒரு பங்குதான். என் சல்லடை கேட்டதில் ஆறில் ஒன்றுகூட இல்லை. ஆக இது நடுக்கம். சரி, உட்கார்ந்து நடுக்கத்தையாவது பார்ப்போம் என்று கண்ணாடியைப் போட்டேன்.

நடுக்கத்துக்குத் தாளம் உண்டு, ஆனால் நிறுத்தற்குறி கிடையாது. இதற்கு இருந்தது. ஆறு தட்டு, ஓர் இடைவெளி. ஆறு தட்டு, ஓர் இடைவெளி. வரிக்கு வரி அப்படியே. இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு.

திருமணமான நாளிலிருந்து நான் கேட்ட ஒலி அது. புதுப் பிள்ளைக்கு முதல் நாள் கொடுக்கிற பாடம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், இடைவெளி. மறுபடி வலது கைக்கு ஆறு, இடைவெளி. இன்ஸ்டிடியூட்டில் பத்து இயந்திரத்தில் பத்துப் பிள்ளைகள் அதைத்தான் அடித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் இவள் ஸ்கேலோடு நிற்பாள். அமுக்காதே, தட்டி எடு. சூடு பட்ட மாதிரி எடு.

அவள் தட்டி எடுத்திருக்கிறாள். முடியாதவள் அழுத்துவாள் என்று நான் சல்லடை வைத்தேன். வசந்தாமணி எந்த நாளில் சாவியை அழுத்தியிருக்கிறாள்?

"வசந்தா" என்றேன். "நிறுத்து."

நின்றது.

திரையில் புது வரி வரவில்லை. வெளியே ஆட்டோ போனது. கடிகாரம் ஓடியது. நிரல் உள்ளே எங்கோ தூங்கிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தது, நானும்.

"மறுபடி" என்றேன்.

ஆறு தட்டு. ஓர் இடைவெளி.

எத்தனையோ பிள்ளைகளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். முப்பட்டகத்தில் வெள்ளை ஒளி ஏழு நிறமாகப் பிரியும்போது அவர்கள் வாய் திறந்து நிற்பார்கள், அதைப் பார்க்கத்தான் நான் அந்த வேலையில் இருந்தேன். நேற்று என் வாய் எப்படி இருந்தது என்று பார்க்க யாரும் இல்லை. அவள் முகம் எப்போதும் போல மூடிய முகம்தான். அதற்குப் பின்னால் மூன்று மாதமாக ஆள் இருந்திருக்கிறது. ஒரு பொத்தான், இரண்டு உலோகம், ஒரு சீட்டு. அந்தப் பாதை வழியே நடந்து வந்து என் முன்னால் நின்றாள்.

தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் பால் நினைவுக்கு வந்தது.

ஆகஸ்ட் 23, சனி

சுகந்தியிடம் போனில் சொன்னேன். "வந்து பாக்கறேன்ப்பா" என்றாள். நம்பவில்லை. நம்பாமல் இருப்பதுதான் அவள் வேலை, நல்லதுதான்.

எழுத்துக்கு ஒரு முறை வகுத்தேன். நான் "உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம்" என்று சொல்வேன். வேண்டிய இடத்தில் அவள் தட்டினால் மணி அடிக்கும். பிறகு அந்த இனத்தின் எழுத்துகளைச் சொல்வேன், பிறகு அதன்மேல் ஏறும் உயிரை அல்லது புள்ளியை. அறிவியல் வாத்தியாருக்குக் கடைசியில் தமிழ் ஐயாவின் பாடம் கைகொடுக்கிறது. ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு, எழுத வேண்டும் என்றால் அவளுடைய அந்த ஆறு.

எழுத்து நாளைக்கு. இன்று ஆம், இல்லை மட்டும். கஞ்சியில் உப்பு வேண்டுமா என்று கேட்டேன். குழாயில் போகிற கஞ்சிக்கு உப்பு எதற்கு? இரண்டு தட்டு. எனக்குத்தான் கேட்கக் கேள்வி தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சுகந்தி காலையில் வந்தாள். பையைக்கூட இறக்காமல் கட்டிலருகே போய் நின்றாள்.

"நீங்க தள்ளி நில்லுங்கப்பா. கைய எங்கயும் வெக்கக் கூடாது."

நின்றேன்.

அவள் யோசித்தாள். பிறகு அம்மாவின் காதருகே குனிந்தாள். "அம்மா, டைப்ரைட்டிங் லோயர்ல நான் பாஸா?"

கேள்வி முடியும் முன்னால் இரண்டு மணி.

சுகந்தி பையை இறக்கி வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தேன்" என்றாள். எனக்குப் பாஸ் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வீடியோவில் பார்த்தார், தானே நாலு கேள்வி கேட்டார், மணியைக் கேட்டார். "நான் நேர்ல வர்றேன்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பிறகு சுகந்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அம்மா, நாளைக்கு வண்டி வருது. எங்கூட மெட்ராசுக்கு வர்றீங்களா, இங்கயே இருக்கறீங்களா? உங்க இஷ்டம்தான்."

ஒன்றும் வரவில்லை. நாங்கள் காத்திருந்தோம். பிறகு தொடர்ந்து ஆறு மணி, ஓர் இடைவெளி. எழுத்து வேண்டும் என்று அர்த்தம்.

நான் சொல்லத் தொடங்கினேன். உயிர். மணி. அ. மணி. அடுத்தது வல்லினம், ப, புள்ளி. மறுபடி ப, ஆ.

"அப்பா" என்று வாசித்தாள் சுகந்தி.

இடையினம், வ, இ. இடையினம், ழ, உ.

நான் நிறுத்தினேன். "களச்சுட்டா போல இருக்குது. கஞ்சி நேரமும் ஆச்சு."

"கஞ்சி எங்கயும் போகாது. சொல்லுங்கப்பா."

"நாளைக்கு..."

மணி அடித்தது. நான் எதுவும் சொல்லாதபோதே அடித்தது. மறுபடி அடித்தது.

"அம்மா முடிக்கல" என்றாள் சுகந்தி.

சொன்னேன். மெல்லினம், ந, புள்ளி. வல்லினம், த, ஆ. இடையினம், ர, புள்ளி.

அப்பா விழுந்தார்.

சுகந்தி எழுந்து வந்து என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினாள். தோளைப் பார்த்தாள். பத்து நாளில் நீலம் மஞ்சளாகியிருந்தது, எலும்பு மேடாக நின்றது.

"வாளிங்கறீங்களே, எந்த வாளி?"

"வாளியும் உருண்டது" என்றேன்.

அன்றைக்கு அந்த விரல் அவ்வளவு நேரம் துடித்தது. நான் அதன்மேல் கம்பளி போர்த்தினேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

கட்டிலில் மணி மறுபடி. இந்தத் தடவை சுகந்தியே எழுத்துகளைச் சொன்னாள். என்னை நம்பவில்லை போலிருக்கிறது. உயிர், ஆ. இடையினம், ள, புள்ளி. இடையினம், வ, ஐ.

ஆள் வை.

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவ்ளதானாம்மா? வண்டி வேண்டாமா?"

இரண்டு மணி.

"இங்கயே, ஆளு வெச்சுட்டு?"

ஒரு மணி.

திருமணமான நாளிலிருந்து அவள் என்னை மரியாதை இல்லாமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுத்துக்கு இத்தனை பாடு என்றால் மரியாதைக்கு எங்கே போவது என்று நினைத்துக்கொண்டு நான் பொத்தானை மாட்டினேன். அப்போது மணி அடித்தது. மெல்லினம், ங, புள்ளி. வல்லினம், க, அ.

வைங்க.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எக்ஸ்ரேயில் காறை எலும்பில் விரிசல். கை, கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்குகிறது. தினமும் காலை முதல் மாலை வரை தெய்வானை என்ற அம்மாள் வருகிறார். வசந்தாவைப் பக்கம் மாற்றும் அழகைப் பார்த்தால் என் நெம்புகோல் வெட்கப்பட வேண்டும். தொட்டால் பிடிக்கிறதா என்று வசந்தாவைக் கேட்டேன். ஒரு தட்டு, தாமதமே இல்லாமல்.

பிள்ளையார் சதுர்த்திக்குச் சுகந்தி இங்கேயே இருந்துவிட்டாள். கொழுக்கட்டை உடைந்து போனது, அம்மாவிடம் செய்முறை கேட்டாள். "தண்ணி" என்று மட்டும் பதில் வந்தது. அதிகமா குறைவா என்று கேட்கவில்லை, அவளுக்கே தெரிந்திருந்தது. டாக்டர் நேரில் வந்து ஒரு மணி நேரம் இருந்தார். இன்னும் என்னென்ன அசையலாம் என்று சோதிக்க மறுபடி வருகிறாராம்.

நிரலை நான் இப்போது மாற்றுவதில்லை. சல்லடை இல்லை. நாள் முழுக்க ஓடுகிறது என்று சொல்ல முடியாது, நாள் முழுக்கத் தூங்குகிறது, தட்டினால் எழுகிறது. சில சமயம் மடிக்கணினியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அந்த வெறும் திரையைப் பார்க்கிறேன். ஒன்றும் நடக்காத திரை. அங்கே யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருக்கிறது.

தெய்வானையம்மாள் இன்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். அடுத்த அறையில் இருந்து இதை எழுதுகிறேன். ஒற்றைக் கையால் நோட்டு நகராமல் பிடிப்பது...

மணி. ஆறு தட்டு, ஓர் இடைவெளி. போய்க் கேட்டுவிட்டு வந்தேன்.

வல்லினம், ப, ஆ. இடையினம், ல, புள்ளி.

அடுப்பில் பால். அணைக்கப் போகிறேன்.